ஐக்கானைக் கொடுத்து மஸ்டாங் வாங்கிய ஞாயிற்றுக்கிழமை

சனிக்கிழமை ராத்திரி பத்தரை மணிக்கு ஒரு போன். கல்லூரி நண்பன். பெயர் வேண்டாம். இருபத்தைந்து வருடமாக ஒருத்தரை ஒருத்தர் ‘மாப்ள’ என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

“மாப்ள, நாளைக்கு உன் வண்டி ஃப்ரீயா?”

“எந்த வண்டி?”

“உங்கிட்ட என்ன பத்து வண்டியா நிக்குது? ஐக்கான்தான்டா.”

காஞ்சிபுரத்தில் அவன் மச்சினிக்கு நிச்சயதார்த்தம். அவன், மனைவி, பையன், மாமனார், மாமியார் என்று ஐந்து பேர் போகவேண்டும். போதாததற்கு ஏழு சீர்த்தட்டு. வீட்டிலிருக்கும் பெரிய வண்டி வெள்ளிக்கிழமை சர்வீசுக்குப் போனது, திங்கட்கிழமைதான் வருமாம். டிராவல்ஸில் சொல்லலாமே என்றேன். மாமனாருக்கு டிராவல்ஸ் டிரைவர்கள் ஓட்டும் வேகம் ஆகாதாம்.

“உன் குதிரை என்னாச்சு?”

“அதுலயா? எங்க மாமியார் பின் சீட்டுக்குள்ள போகணும்னா முதல்ல யோகா கிளாஸ் போகணும்.” கொஞ்சம் நிறுத்தி, “ஐக்கானைக் குடு, நாளைக்கு முழுக்க நீ அதை வச்சுக்கோ” என்றான்.

எனக்குத் தூக்கம் போயிற்று. நண்பனிடம் இருப்பது சிவப்பு நிற ஃபோர்ட் மஸ்டாங் ஜி.டி. என்னிடம் இருப்பது, சரியாகச் சொன்னால் என் அப்பாவிடம் இருப்பது, 2002இல் வாங்கிய ஃபோர்ட் ஐக்கான். ஒரே கம்பெனி, ஒரே நீலநிற முட்டை வடிவச் சின்னம் என்று நாங்கள் இருவரும் கிண்டலடித்துக்கொள்வது வழக்கம். (மஸ்டாங்கின் முகத்தில் அந்தச் சின்னம் கிடையாது, ஓடும் குதிரை மட்டும்தான் என்பதை அவன் ஒவ்வொரு முறையும் திருத்துவான்.)

மஸ்டாங் ஒரு கூபே. கூபே என்ற சொல்லை நான் முதலில் கேட்டது ரயிலில். முதல் வகுப்பில் நாலு பேர் படுக்கும் கேபின் உண்டு, ரெண்டே பேர் படுக்கும் கூபே உண்டு. கல்யாணமான புதிதில் அக்காவும் அத்தானும் ஒருமுறை கூபேயில் போனார்கள். அதைப் பற்றி வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு ‘வெட்டப்பட்டது’ என்று பொருள். குதிரை வண்டிக் காலத்தில், எதிரெதிரே நாலு பேர் உட்காரும் கோச்சின் ஒரு பகுதியை வெட்டிவிட்டு இருவருக்கு மட்டும் செய்த வண்டிக்கு அந்தப் பெயர் வந்தது. ஆக ரயிலோ காரோ, கூபே என்றால் யாரையோ வெட்டிவிட்டுச் செய்தது. வெட்டப்பட்டவர்கள் யாரென்று மாப்ளயின் மாமியாரைக் கேட்டால் தெரியும்.

எங்கள் ஐக்கான் வந்த கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அப்பா பொதுத்துறை வங்கியில் இருந்தார். 2001 வாக்கில் வங்கிகளில் வி.ஆர்.எஸ். என்ற விருப்ப ஓய்வு அலை அடித்தது ஞாபகமிருக்கும். அதில் அப்பாவும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். அந்தப் பணத்தில் ஒரு பகுதி அக்கா கல்யாணத்துக்கு டெபாசிட், ஒரு பகுதி குரோம்பேட்டை வீட்டுக்கு மாடி, மிச்சத்தில் கார். 1999இல் மறைமலைநகரிலிருந்து வெளிவர ஆரம்பித்த வண்டி அது. ஐரோப்பாவில் ஓடிக்கொண்டிருந்த ஃபியஸ்டா என்ற சின்ன ஹாட்ச்பேக்கை எடுத்து, பின்னால் டிக்கி வைத்து நம்மைப் போன்ற நாடுகளுக்காகச் செய்தார்கள். ‘ஜோஷ் மெஷின்’ என்று டிவியில் விளம்பரம் வரும். ஜோஷ் என்றால் என்ன என்று அப்பா கேட்டார். உற்சாகம் என்றேன். “காருக்கு எதுக்குடா உற்சாகம்?” என்றார்.

1.3, 1.6, டீசலில் 1.8 என்று மூன்று எஞ்சின் இருந்தன. அப்பாவின் விரல் விலைப் பட்டியலில் 1.3 மேல் நின்றது. ஏ.சி. போட்டால் சின்ன எஞ்சின் திணறும், ஐந்து பேரோடு திண்டிவனம் மேம்பாலம் ஏறாது என்று அடித்துவிட்டேன். எனக்கு அப்போது லைசென்ஸே கிடையாது. அப்பா நம்பினார், அல்லது நம்பியதாகக் காட்டிக்கொண்டார். 1,597 சி.சி., 92 குதிரைசக்தி. ரோகாம் என்று பெயர், ஃபோர்ட் இதைப் பிரேசிலிலும் தென்னாப்பிரிக்காவிலும் செய்துகொண்டிருந்தது. ஒரு டன்னைச் சற்றே தாண்டும் வண்டிக்கு அன்றைக்கு அது அதிகப்படியான எஞ்சின்தான். மறைமலைநகரில் செய்த ஐக்கான்கள் மெக்சிகோவுக்குக்கூடக் கப்பலேறின. எங்களுடையது ஜி.எஸ்.டி. ரோட்டிலேயே வடக்கே ஒரு மணி நேரம் வந்து நின்றுவிட்டது. அதன் வாழ்க்கையில் முக்கால்வாசியும் அதே ஜி.எஸ்.டி. ரோடுதான்.

பாட்டியைக் கும்பகோணத்திலிருந்து கூட்டிவந்தது அதில்தான். வழி நெடுக எலுமிச்சம்பழத்தை மூக்கருகே வைத்துக்கொண்டு, பின் சீட்டின் இடது ஜன்னலோரம். ஒவ்வொரு கோடையிலும் பண்ருட்டியில் நிறுத்தி டிக்கியில் பலாப்பழம் ஏற்றுவோம். ஒரு வாரத்துக்கு வண்டிக்குள் அந்த வாசனைதான். 2006இல் அக்கா மாலையும் கழுத்துமாக ஏறியதும் அதே இடது ஜன்னலோரம். பாட்டி போய்ப் பதினோரு வருடமாகிறது. அந்த இடத்தில் இப்போது என் பெண் உட்காருகிறாள். அவளுக்கு எலுமிச்சம்பழம் தேவைப்படவில்லை, போன் போதும்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு மஸ்டாங் எங்கள் தெருவுக்குள் வந்தது. வந்தது என்று லேசாகச் சொல்லிவிட்டேன். கண்ணாடிகளை விட்டுவிட்டே ஆறடி மூன்றங்குல அகலம். எங்கள் தெருவில் ரெண்டு பக்கமும் பைக், ஒரு இஸ்திரி வண்டி, கோலத்துக்குக் காவலாகக் குந்தியிருக்கும் இரண்டு நாய்கள். அதுபோக எதிர்வீட்டுக்காரர் சொந்தச் செலவில் போட்ட வேகத்தடை ஒன்று. அது வேகத்தடை இல்லை, சிமெண்டுத் திட்டு. மஸ்டாங்குக்குக் கீழே தரைக்கும் வண்டிக்கும் இடையில் 137 மில்லிமீட்டர். ஐந்தரை அங்குலம்கூட முழுசாக இல்லை. மாப்ள வண்டியைக் குறுக்காகத் திருப்பி, ஒரு சக்கரத்தை முதலில் ஏற்றி, மெல்ல மெல்ல, கர்ப்பிணியைப் படியிறக்குவதுபோல் இறக்கினான். இஸ்திரி போடுகிற அண்ணன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கைகட்டிப் பார்த்தார்.

அவர் கேட்டார்: “எவ்ளோ குடுக்கும் தம்பி?”

இந்தக் கேள்வியை அன்று மட்டும் ஆறு பேர் கேட்டார்கள். சிட்டிக்குள் நாலைந்து, ரோட்டில் ஏழு வந்தால் அதிர்ஷ்டம் என்று மாப்ள சொல்லிக்கொடுத்திருந்தான். அதைச் சொன்னதும் எல்லோர் முகத்திலும் ஒரு நிம்மதி வருவதைக் கவனித்தேன். நல்லவேளை நம்மிடம் இல்லை என்ற நிம்மதி.

சாவியை மாற்றிக்கொண்டோம். ஐக்கான் சாவியில் அம்மா மாட்டிய திருச்செந்தூர் முருகன். மஸ்டாங்குக்குப் பொத்தானை அழுத்தினால் போதும், சாவி பாக்கெட்டில் இருக்கலாம். ஐக்கானைப் பற்றி நான் மாப்ளயிடம் சொன்ன குறிப்புகள் நீளமானவை. பின் இடது கண்ணாடியை இறக்காதே, ஏற நேரமாகும். ரிவர்ஸ் போடும்போது ஒருமுறை நியூட்ரலுக்குப் போய்விட்டு வா. டிக்கியை அறையாதே, அமுக்கு. மஸ்டாங்கைப் பற்றி அவன் சொன்னது ஒரே வரி: “மழை பேஞ்சா ஆக்சிலேட்டர்ல காலை வைக்காத, நினைச்சுக்கோ போதும்.”

காகிதத்தில் இரண்டையும் பக்கத்தில் வைப்பது அநியாயம், ஆனாலும் செய்யாமல் இருக்க முடியவில்லை. மஸ்டாங்கின் வி8 எஞ்சின் 4,951 சி.சி. மூன்று ஐக்கான் எஞ்சினைச் சேர்த்துக் கட்டினாலும் 160 சி.சி. குறைகிறது. இந்தியாவில் விற்றதற்கு 401 குதிரைசக்தி. நாலு ஐக்கான்களைப் பூட்டினாலும் எட்டாது. எடையில் மட்டும் இரண்டு ஐக்கான்கூட வராது. இதெல்லாம் பெருக்கல் கணக்கு. ஓட்டும்போது உடம்புக்குத் தெரியும் வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. ஐக்கானில் எஞ்சினின் இழுப்பு முன்சக்கரங்களுக்குப் போகிறது. மாட்டு வண்டி மாதிரி, முன்னால் இழுப்பவர் இழுக்க மீதி வண்டி பின்னால் வரும். மஸ்டாங்கில் அந்த வேலை பின்சக்கரத்துக்கு. ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கும்போது பின்னாலிருந்து ஒருவர் முதுகில் கைவைத்துத் தள்ளினால் எப்படி இருக்கும், அது. வேகம் கூடும்போது பாரம் பின்பக்கம் சாயும், சாய்ந்த பாரம் அந்தச் சக்கரங்களையே தரையோடு அழுத்தும், பிடி கூடும். ஐக்கானில் அதே பாரம் பின்னால் போனால் முன்சக்கரத்தின் பிடிதான் தளரும். குடும்ப வண்டிகளுக்கு ஏன் பெரும்பாலும் முன்சக்கர இழுப்பு என்றால், எஞ்சினிலிருந்து பின்னால் ஓடும் தண்டு தேவையில்லை, பின் சீட்டுக்காரர்களின் காலடியில் மேடு கிடையாது, நடுவில் ஒரு ஆள் உட்காரலாம். எங்கள் வண்டியில் அந்த நடு ஆள் பல வருடம் நான்தான்.

அப்பா வாசலில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். எழுபத்து நாலு வயது. மஸ்டாங்கை ஒருமுறை சுற்றிவந்தார்.

“ரெண்டே கதவா?”

“ஆமாம்ப்பா.”

“இவ்வளவு காசு வாங்கிட்டு ரெண்டு கதவுதான் குடுத்திருக்கான்.”

ஒரு ரவுண்டு வாங்களேன் என்றேன். வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். செருப்பை மாட்டிக்கொண்டார்.

கூபேயின் கதவு நீளமானது. இரண்டு கதவின் வேலையை ஒன்று செய்யவேண்டும், அதனால். திறந்தால் பாதித் தெருவை அடைக்கும். சீட்டோ தாழ்வு. அப்பா முதலில் ஒரு காலை உள்ளே வைத்தார், யோசித்தார், வெளியே எடுத்தார். பிறகு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, இரண்டு காலையும் கையால் தூக்கி உள்ளே வைத்தார். ஐக்கானில் அவர் இந்த வித்தையெல்லாம் செய்ததில்லை. அதன் சீட்டும் அவர் இடுப்பும் ஒரே உயரம், சும்மா நகர்ந்தால் போதும். “கெணத்துல இறங்குற மாதிரி இருக்குடா” என்றார். உட்கார்ந்தபின் முன்னால் பார்த்தார். டாஷ்போர்டில் அவர் பக்கத்தில் ஒரு உலோகப் பட்டை, அதில் குதிரையும் 1964 என்ற வருடமும்.

“அறுபத்து நாலா? நான் எட்டாவது படிச்சேன். அந்த வருஷம்தான் நம்மூர்ல ஃபியட் டிலைட் வந்தது. எங்க ஹெட்மாஸ்டர் புக் பண்ணிட்டுக் காத்துக்கிட்டே இருந்தார்.”

அப்பா சொன்னது சரிதான். பம்பாயில் பிரீமியர் கம்பெனி ஃபியட் 1100 டிலைட்டைச் செய்ய ஆரம்பித்ததும் அதே 1964. பின்னாளில் பத்மினி என்று பெயர் மாறி நம் கல்யாண மண்டப வாசல்களில் எல்லாம் நின்றது அந்த வண்டிதான். இங்கே அதற்கு வருடக்கணக்கில் வரிசை. அங்கே, ஏப்ரல் 17ஆம் தேதி நியூயார்க் உலகக் கண்காட்சியில் மஸ்டாங் மேடையேறியது. ஆரம்ப விலை 2,368 டாலர். முதல் நாளே 22,000 பேர் பணம் கட்டினார்கள், ஒரு வருடத்துக்குள் நாலு லட்சத்துக்கு மேல் விற்றது. கடைக்காரர் ஒருவர் அறிமுகத்துக்கு இரண்டு நாள் முன்பே அவசரப்பட்டு விற்ற மஸ்டாங்கை வாங்கியது சிகாகோவில் இருபத்திரண்டு வயதுப் பள்ளி ஆசிரியை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். அங்கே டீச்சரம்மா வாங்கிய வண்டி, 2016இல் இங்கே இறங்கியபோது ஷோரூம் விலையே 65 லட்சம். மிச்சிகனிலிருந்து முழு வண்டியாகக் கப்பலில் வந்தால் சுங்கவரி வண்டியின் விலையோடு போட்டிபோடும். வழியில் டீச்சரம்மா இறங்கிவிட்டார், தொழிலதிபர் ஏறிக்கொண்டார்.

இன்னொரு விஷயம். இதைத்தான் நான் மாப்ளயிடம் பலமுறை சொல்லிக் கடுப்பேற்றுவேன். மஸ்டாங் ஆகாயத்திலிருந்து குதிக்கவில்லை. ஃபோர்டிடம் அப்போது ஃபால்கன் என்று ஒரு சிக்கனமான குடும்ப வண்டி இருந்தது. ராபர்ட் மெக்நமாரா கொண்டுவந்தது. பிற்பாடு வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலாளராக இருந்தாரே, அவரேதான். கணக்கு மனிதர். தேவையில்லாத ஒரு திருகாணி இல்லாத வண்டி கேட்டார், ஃபால்கன் வந்தது. அவருக்குப் பின் ஃபோர்ட் பிரிவைப் பார்த்துக்கொண்ட லீ அயகோக்காவின் ஆட்கள் அந்த ஃபால்கனின் அடிச்சட்டம், சஸ்பென்ஷன், எஞ்சின் எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். பானெட்டை நீட்டினார்கள், டிக்கியைக் குறைத்தார்கள், பின் சீட்டை ஒப்புக்கு வைத்தார்கள். குடும்ப வண்டிக்கு ஜீன்ஸ் மாட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். ஃபியஸ்டாவுக்கு டிக்கி வைத்து ஐக்கான் ஆக்கியவர்களும், ஃபால்கனுக்கு டிக்கியைக் குறைத்து மஸ்டாங் ஆக்கியவர்களும் ஒரே தையல்கடைதான். ஒன்றில் ஆள் சேர்த்தார்கள், ஒன்றில் ஆள் குறைத்தார்கள்.

அப்பாவைப் பல்லாவரம் வரை கூட்டிப்போய்த் திரும்பினேன். சிக்னலில் பைக்கில் வந்த பையன்கள் மூன்று பேர் போனை நீட்டிப் படமெடுத்தார்கள். அப்பா சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டதை நான் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து இறங்கும்போது உள்ளே போனதைவிடக் கஷ்டமாக இருந்தது. கையைப் பிடித்து இழுக்கவேண்டியிருந்தது. “சத்தம் நல்லாருக்கு” என்றார். கொஞ்ச தூரம் நடந்துபோய்த் திரும்பி, “எறங்குறதுக்கு ஒரு ஆள் வேணும்” என்றார்.

அதன்பிறகு நான் தனியாகப் போனேன். ரேடியல் ரோடு பிடித்துத் துரைப்பாக்கம், ஓ.எம்.ஆர்., சோழிங்கநல்லூரில் இடது திரும்பி அக்கரை, அங்கிருந்து ஈ.சி.ஆர். சிட்டிக்குள் மஸ்டாங் ஒரு தண்டனை. பானெட் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. முன்னால் இரண்டு மேடுகள் தெரிகின்றன, அதற்கப்பால் நம்பிக்கைதான். ஆட்டோக்காரர்கள் வழக்கத்தைவிட ஒரு முழம் அதிகமாகவே இடம் விட்டார்கள். அது மரியாதையா, இடித்தால் யார் கட்டுவது என்ற பயமா தெரியவில்லை. ஐக்கானுக்கு யாரும் அரை முழம்கூட விட்டதில்லை.

உத்தண்டி டோல் தாண்டியபிறகு கதை வேறு. எட்டு மணி வெயில், இடது பக்கம் சவுக்குத்தோப்பு, ரோடு காலி. ஸ்போர்ட் மோடில் போட்டு மிதித்தேன். இதை எழுத்தில் சொல்வது கஷ்டம். முதலில் சத்தம் வந்தது, காது வழியாக இல்லை, சீட்டு வழியாக. பிறகு வயிறு ஒரு நொடி பின்தங்கிவிட்டு ஓடிவந்து சேர்ந்துகொண்டது. ஸ்பீடோமீட்டரில் ‘தரை வேகம்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்கள், விமானத்தில் போடுவதுபோல. அலட்டல்தான். ஆனால் அந்த நொடியில் அலட்டலாகத் தெரியவில்லை. முட்டுக்காடு பாலத்தில் நான் தனியாகச் சத்தம்போட்டுச் சிரித்ததற்குச் சாட்சி யாரும் இல்லை.

அந்தச் சந்தோஷம் எவ்வளவு நேரம் என்று பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு மிதிக்கும் நாலு வினாடி, ஐந்து வினாடி. அதற்குள் சட்டம் சொல்லும் வேகத்துக்கு வந்துவிடுகிறது, இல்லையென்றால் ஒரு மாடு, ஒரு ஷேர் ஆட்டோ, எதிர்த்திசையில் வரும் ஒரு டி.வி.எஸ். 50. உடனே காலை எடுக்கவேண்டும். 110 கிலோமீட்டர் ஓட்டத்தில் எஞ்சினை முழுசாகக் கேட்ட நேரம் கூட்டிப்பார்த்தால் ஒரு நிமிடம் வருமா என்பது சந்தேகம். ஐக்கானில் கதையே வேறு. மூன்றாவது கியரில் கடைசி வரை இழுத்து, எஞ்சின் அலறி, நாலாவதுக்கு மாற்றி, முன்னால் போகும் லாரியைத் தாண்ட முடியுமா முடியாதா என்று மனசுக்குள் திரைராசிக் கணக்கு போட்டு, தாண்டி, வேர்த்து, மீட்டரைப் பார்த்தால் எண்பத்தைந்துதான் இருக்கும். 92 குதிரைகளையும் நான் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறேன். மஸ்டாங்கின் 401இல் முந்நூறு குதிரை அன்று லாயத்தை விட்டு வெளியே வரவே இல்லை.

அதற்காக ஐக்கான்தான் ஒசத்தி என்று நான் சொல்லவில்லை. சொன்னால் நானே நம்பமாட்டேன். கோவளத்தில் டீக்கடை ஓரம் நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டே தள்ளி நின்று அந்த வண்டியைப் பார்த்தேன். பின்பக்கம் மூன்று மூன்று பட்டையாக விளக்கு, அகலமான இடுப்பு, சரிந்து இறங்கும் கூரை. பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஐக்கானை நான் ஒருநாளும் தள்ளி நின்று பார்த்ததில்லை. சுவரில் உரசிய கோடு எங்கே இருக்கிறது என்று கிட்டே போய்க் குனிந்துதான் பார்த்திருக்கிறேன்.

டீக்கடைக்காரர் பின் சீட்டைக் காட்டி, “இது எதுக்கு சார்?” என்றார். பதில் தெரியவில்லை. மகாபலிபுரத்தில் நானே அதில் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். முன்சீட்டை மடக்கிவிட்டு, தலையைக் குனிந்து, இடுப்பை ஒடித்து உள்ளே போனால் உச்சந்தலை பின்கண்ணாடியில் இடிக்கிறது. முழங்காலுக்கு இடம் கிடையாது. இந்த வண்டியை ஐரோப்பாவில் யூரோ என்கேப் மோதிச் சோதித்து 2017 ஜனவரியில் வெளியிட்டபோது ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்தான் கொடுத்தார்கள். மோதும் நொடியில் இறுகிப்பிடிக்கும் வசதி பின் சீட்டுப் பெல்ட்டில் இல்லை என்பது அதில் ஒரு குறை. பின்னால் யாரும் உட்காரமாட்டார்கள் என்று அவர்களே முடிவுகட்டியதுபோல. இதைச் சொல்லிவிட்டு எங்கள் வண்டியைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம். ஐக்கானில் ஏர்பேக் கிடையாது, ஏ.பி.எஸ். கிடையாது. பாட்டியும் அக்காவும் பலாப்பழமும் அதில் பத்திரமாக வந்தது முருகன் சாவிக்கொத்தில் தொங்கியதால் என்று அம்மா நம்புகிறாள். நான் மறுத்துப் பேசுவதில்லை.

திரும்பும் வழியில் பெட்ரோல் போட்டேன். பதினெட்டு லிட்டர். லிட்டர் நூறைத் தாண்டிய இந்தக் காலத்தில், கிட்டத்தட்ட ஒரு மாதம் என் பெண்ணின் கராத்தே ஃபீஸ். பங்கில் வேலை செய்யும் தம்பி காசு வாங்குமுன் வண்டியோடு ஒரு செல்ஃபி கேட்டார். எடுத்துக்கொடுத்தேன். “உங்களுதா சார்?” என்றார். இல்லை, ஃபிரெண்டுது என்றேன். “பரவால்ல சார், யாருக்குத் தெரியப்போகுது” என்றார்.

செலவு என்று வந்தபிறகு ஐக்கானையும் விடக்கூடாது. பதினைந்து வருடம் ஆனால் தனியார் காருக்கு எஃப்.சி. காட்டிப் பதிவைப் புதுப்பிக்கவேண்டும், பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. 2017இல் போனபோது புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரலிலிருந்து அது 5,000 ஆனது, நாங்கள் போனது ஆகஸ்டில். ஐக்கான் தயாரிப்பு 2011இலேயே நின்றுவிட்டது. 2021 செப்டம்பரில் ஃபோர்ட் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது, 2022 ஜூலையில் மறைமலைநகரில் கடைசி வண்டி இறங்கியது. அன்றிலிருந்து என் அப்பாவின் பொழுதுபோக்கு புதுப்பேட்டை. பழைய வண்டிகளைப் பிரித்து அடுக்கியிருக்கும் அந்தச் சந்துகளில் ஐக்கான் கதவுக் கைப்பிடியையும் ஹெட்லைட்டையும் தேடி மெட்ரோவில் போய்வருவார். அங்கே கிடைக்காவிட்டால் ஜி.பி. ரோடு. கிடைத்தால் ரெண்டாக வாங்கிவைப்பார். எங்கள் பரண்மேல் இப்போது முக்கால் ஐக்கான் இருக்கிறது. மறைமலைநகர் ஆலையை ஏற்றுமதிக்காக மறுபடி திறக்க ஃபோர்ட் கடிதம் கொடுத்திருக்கிறது என்று 2024இல் செய்தி வந்த அன்று பேப்பரை மடித்து என்னிடம் காட்டினார். “ஐக்கான் பண்ணுவானா?” என்றார்.

ராத்திரி ஒன்பது மணிக்கு மாப்ள ஐக்கானோடு வந்து சேர்ந்தான். வேட்டி கசங்கி, நெற்றியில் சந்தனம் உதிர்ந்து, முகம் மட்டும் பளிச்சென்று இருந்தது. இருநூறு கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறான்.

“எப்படிடா இருந்தது?”

“ஒரகடம் தாண்டி ரோடு காலி மாப்ள. மூணாவதுல வச்சு அப்படியே இழுத்தேன் பாரு! மாமனார் பின்னாலேர்ந்து, ‘மாப்பிள்ளை, கொஞ்சம் மெதுவா’ங்கறார். மீட்டர்ல எழுபத்தஞ்சு.”

“அவருக்கு டிராவல்ஸ் வேகம் ஆகாதுன்னியே.”

“மஸ்டாங்ல நூத்திருபதுல போனப்போகூட அவர் ஒண்ணும் சொன்னதில்ல மாப்ள. தூங்கிட்டு வருவார்.”

டிக்கியைத் திறந்தோம். அவன் அறையாமல் அமுக்கித்தான் மூடியிருந்தான். உள்ளே தாம்பூலப் பை ஒன்று, ஒரு தேங்காய், காஞ்சிபுரம் இட்லி கட்டிய மந்தாரை இலைப் பொட்டலம். அம்மாவுக்காம். பின் சீட்டில், இடது ஜன்னலோரம், பாதி பிழிந்த எலுமிச்சம்பழம் ஒன்று கிடந்தது.

“யாருடா?”

“மாமியார்தான். ஒண்ணும் ஆகலை, சும்மா வச்சுக்கிட்டு வந்தாங்க.”

மாப்ள மஸ்டாங்கில் ஏறினான். கண்ணாடிக்குக் கீழிருந்து விழும் வெளிச்சத்தில் எங்கள் வாசல் கோலத்தின் மேல் ஒரு குதிரை நிழல் விழுந்தது, நாய் ஒன்று எழுந்து அதை மோந்து பார்த்தது. எஞ்சினைக் கிளப்பினான், தெருவில் இரண்டு வீட்டில் விளக்கு எரிந்தது. திட்டை நோக்கிக் குறுக்காக, ஒற்றைச் சக்கரமாக நகர ஆரம்பித்தான்.

உள்ளேயிருந்து அப்பா குரல். “ஐக்கான் வந்துடுச்சாடா?”

“வந்துடுச்சுப்பா.”

“பின்னாடி இடது கண்ணாடி ஏத்தியிருக்கானா பாரு.”

இறக்கியிருந்தான். ஸ்விட்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.